ஏழாம் நம்பர் டோக்கன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். கோயமுத்தூர் கணபதியில் இருபது வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க இரும்போடு மாரடிக்கிறவனுக்கு இந்த மாதிரி பேச்சுக்கெல்லாம் நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. எங்கள் தெருவில் ஒருத்தர் மொட்டை மாடியில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று ஊரையே கூட்டியபோது, மேலே ஏறிப் போய், கம்பியில் மாட்டிக்கொண்டு காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த சங்கிலித் துண்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தவன் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போன கார்த்திகை மாதம் நடந்தது இது. நாலாவது படிக்கிற என் மகள் தர்ஷினிக்கு விமானம் என்றால் உயிர். வீட்டுக்கு மேலே விமானம் போனால் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே ஓடுவாள். நீலகிரியில் அரவேணு பக்கம் மூடிப்போன ஒரு தேயிலை ஃபேக்டரிக்குள் யாரோ பழைய விமானத்தை வைத்துக் காட்சியகம் நடத்துகிறார்கள் என்று போனில் பார்த்துவிட்டு, ஒரு மாதமாக என் உயிரை எடுத்தாள். சரி, ஒரு நாள் லீவு போடு, போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் காரை நான்தான் சர்வீஸ் செய்வேன். பதினைந்து வருஷத்து வண்டி, வெளி மெக்கானிக்கிடம் விடுவதே இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டறையில் வைத்து பேட்டரி மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிரேக் ஆயில் ஊற்றினேன். முடிக்கிற நேரத்தில் என் மனைவி கவிதா மூன்று தடவை போன் செய்துவிட்டாள். பானெட்டை மூடினேன், கையைத் துடைத்தேன், வந்துவிட்டேன். எடுத்த சாமானை எண்ணி வைப்பது என்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிட்டு, கோத்தகிரி பாதையில் ஏறி, வழியில் இரண்டு மூன்று இடம் நின்று, அங்கே போய்ச் சேரும்போது மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது. தகரக் கூரை போட்ட பெரிய ஷெட். ஃபேக்டரி மூடி எத்தனையோ வருஷமாகியும் தரைப் பலகைகளில் இன்னும் தேயிலைத் தூள் வாசம் அடித்துக்கொண்டிருந்தது. வேலை நாள் என்பதால் எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. வாசலில் மேசை போட்டு, ஸ்வெட்டருக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் தேவகி, ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய அப்பா விமான ரிப்பேர் ஷெட்டுகளில் ஃபிட்டராக இருந்தவராம், ரிட்டயர் ஆனபிறகு ஏலத்தில் எடுத்துச் சேர்த்ததுதான் இது எல்லாம். அவர் போய்ச் சேர்ந்தபிறகு மகள் பார்த்துக்கொள்கிறார்.

டிக்கெட் என்று காகிதம் எதுவும் தரவில்லை. ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் கொடுத்தார், வட்டமாக, நடுவில் நம்பர் அடித்து, மேலே ஓட்டை போட்டு. கவிதாவுக்குப் பதினேழு, தர்ஷினிக்குப் பதினெட்டு, எனக்குப் பத்தொன்பது.

"போறப்போ இதைத் திருப்பிக் குடுத்துட்டுத்தானுங்ணா போகோணும். மேசை மேல எல்லா டோக்கனும் வந்தாத்தான் நான் ஷெட்டைப் பூட்டுவேன். மிஸ்ட் எறங்குச்சுன்னா உள்ள ஆரு இருக்காங்கன்னே தெரியாதுங்க."

உள்ளே விமானத்தின் முன்பாதி மட்டும்தான் இருந்தது, இறக்கை இல்லை, வால் இல்லை, மரக் கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சரக்கு ஏற்றிய விமானமாம். தர்ஷினி ஏணியில் ஏறி ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்ததும் இறங்கவே மாட்டேன் என்றாள். நான் பாதியாக அறுத்துக் காட்டியிருந்த இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்ன வேலை, என்ன ஃபினிஷிங், எனக்கு அங்கேயே பாய் போட்டுப் படுத்துவிடலாம் போலிருந்தது. கவிதாதான் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, போட் ஹவுசுக்குப் போயிருக்கலாம் என்று முணுமுணுத்தாள்.

விமானத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சுத்தியல் என்று வரிசையாக மாட்டியிருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் அதே வடிவத்தில் சிவப்புப் பெயின்டில் வரைந்து, பக்கத்தில் ஒரு கொக்கி. சாமானை எடுத்தால் சிவப்பு பளிச்சென்று தெரியும். தேவகி விளக்கிச் சொன்னார். ஃபிட்டர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஸ்பேனரை எடுக்கிறவர் தன் டோக்கனை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பேனரை வைத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொள்வார். எல்லாச் சாமானும் பலகைக்கு வந்து சேர்ந்ததை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் ஷெட்டை விட்டு வெளியே போகும்.

"ஒரு ஸ்பேனருக்காக ப்ளேனையே நிறுத்துவாங்களாக்கும்?" என்றேன்.

"நிறுத்தித்தானுங்ணா ஆவோணும். உள்ள எங்காச்சும் கெடந்து, மேல போனதுக்கப்புறம் ப்ளேனைத் திருப்பற கம்பியில மாட்டுச்சுன்னா என்ன ஆகறது?"

அந்தப் பலகையில் ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. சின்ன ஸ்பேனர் ஒன்றின் சிவப்பு வடிவம், பக்கத்துக் கொக்கியில் கறுத்துப்போன டோக்கன். ஏழாம் நம்பர்.

"அது அப்பா ஏலத்துல எடுத்தப்பவே அப்பிடித்தானுங்க இருந்துச்சு. அந்த ஏழாம் நம்பர்காரரு மூணு நாளு ஊட்டுக்கே போகாம தேடுனாருன்னு அங்க வேலை செஞ்சவங்க அப்பாகிட்டச் சொல்லியிருக்காங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னாச்சுன்னு அப்பாவுக்கும் தெரியலீங்க. டோக்கனை மட்டும் ஆரையும் தொட உட மாட்டாரு."

அவர் அப்படிச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனதும், எனக்குள் இருக்கிற அந்தப் பாழாய்ப்போன குசும்பு எழுந்தது. என் பத்தொன்பதாம் நம்பர் டோக்கனை எடுத்து அந்த ஏழின் மேலேயே மாட்டிவிட்டு, மகளைப் பார்த்து, "கண்ணு, அப்பா இங்க வேலைக்குச் சேந்தாச்சு, போட்டோ எடு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

"ஏனுங்க, அவங்க அத்தனை சொல்லிட்டுப் போறாங்க, கையை வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கவிதா கடிந்துகொண்டாள்.

தர்ஷினி விளையாட்டாகத்தான் கேட்டாள், "அப்பா, நீங்க நம்ம வண்டியில வேலை செஞ்சப்ப எல்லாம் எண்ணி வெச்சீங்களா?"

"அப்பா கைக்கே தெரியும் சாமி. எண்ணறதெல்லாம் வேலை தெரியாதவன் செய்யறது."

இதை நான் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, சத்தமாகச் சொன்னேன்.

நாலு மணிக்கு மிஸ்ட் இறங்க ஆரம்பித்தது. மலையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஐந்து நிமிஷத்தில் எதிரில் இருக்கிற மரம் காணாமல் போய்விடும். இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று அவசர அவசரமாக வெளியே வந்தோம். கவிதாவும் தர்ஷினியும் டோக்கனைக் கொடுத்துவிட்டுக் காருக்குப் போய் ஏறிக்கொண்டார்கள். நான் பாக்கெட்டில் கைவிட்டபோதுதான் நினைவு வந்தது, என்னுடையது பலகையில் தொங்குகிறது. தேவகியிடம் அசடு வழிந்துவிட்டு உள்ளே ஓடினேன்.

ஷெட்டில் கரண்ட் போயிருந்தது. உடைந்த கண்ணாடி வழியாக மிஸ்ட் உள்ளே வந்து, விமானம் பாதிதான் தெரிந்தது. போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அப்போது சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் விட்டு, டக். எனக்குச் சந்தேகமே இல்லை, அது ஸ்பேனரைத் தகரத்தின் மேல் வைக்கிற சத்தம். இருபது வருஷமாக என் காதில் விழுகிற சத்தம், எனக்குத் தெரியாதா? யாரோ ஆள் வேலை செய்கிறார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால், விமானத்தின் வயிற்றுக்குக் கீழே, அந்தப் பக்கம், இரண்டு கால்கள். நீல பேன்ட், கறுப்பு ஷூ. உள்ளே கையை நுழைத்து எதையோ எட்டுகிற மாதிரி குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, டோக்கனை உட்டுட்டேன், எடுத்துட்டுப் போயர்றேன்" என்றேன்.

சத்தம் நின்றது. கால் அசையவில்லை.

"எண்ணியாச்சா?" என்று ஒரு குரல். களைத்துப்போன சாதாரண ஆம்பளைக் குரல். வாசலில் கொடுக்க வேண்டிய டோக்கன்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினேன்.

என் டோக்கன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். இனிமேல் சொல்வதை நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். என் டோக்கனுக்கு அடியில் ஏழாம் நம்பர் இல்லை. கொக்கி காலி. என் டோக்கன் முழுக்கப் புது ஆயில், விரலில் வழிந்தது. அந்தக் குளிரில், அந்தப் பித்தளை கதகதப்பாக இருந்தது, யாரோ உள்ளங்கையில் ரொம்ப நேரம் பொத்தி வைத்திருந்த மாதிரி.

"எண்ணியாச்சா?"

இந்தத் தடவை குரல் விமானத்துக்கு அந்தப் பக்கம் இல்லை. என் பின்கழுத்துக்கு அருகில். மூச்சு படுகிற தூரம். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இன்றைக்கு உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. பயம் என்று அதுவரைக்கும் நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பயமே இல்லை. பட்டறையில் பெல்ட் அறுந்து முகத்துக்கு நேரே வந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ தெரியவில்லை, அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"இல்லீங்க," என்றேன். "எண்ணலீங்க. நான் எண்ணவே இல்லீங்க."

கழுத்தின் பின்னால் இருந்த அந்த மூச்சு விலகியது. டக் என்று ஒரே ஒரு சத்தம். நான் ஓடினேன். எப்படி வாசலுக்கு வந்தேன் என்றே தெரியாது.

தேவகி என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். "ஏனுங்ணா, என்னாச்சுங்க?"

"உள்ள வேலை செய்யறாரே, அது ஆருங்க?"

"உள்ள ஆருங்க? நானொருத்திதானே இருக்கறேன்."

டோக்கனை மேசையில் வைத்துவிட்டுக் காருக்கு ஓடினேன். அங்கிருந்து கிளம்பினால் போதும் என்று இருந்தது. சாவியைத் திருப்பப் போனேன், பின் சீட்டிலிருந்து தர்ஷினி கேட்டாள், "அப்பா, அந்த மாமா போயாச்சா?"

"எந்த மாமா?"

"நம்ம கார் முன்னாடி குனிஞ்சு நின்னுட்டு இருந்தாங்கல்ல. நீலச் சட்டை."

கவிதா சிக்னல் கிடைக்கவில்லை என்று போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "இந்த மிஸ்டுல உனக்கு எந்த மாமாடி தெரிஞ்சாரு? நான் இங்கயேதான இருக்கேன், ஆரும் வரலீங்க" என்றாள்.

என் கை சாவியிலேயே நின்றுவிட்டது. கீழே எத்தனை வளைவு, ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும், பின்னால் என் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன். போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். பேட்டரிக்குப் பின்னால், அடியில், ஸ்டியரிங் ராடு இணைகிற மூட்டுக்கு மேலே ஒரு ஸ்பேனர் கிடந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. ஒரு பெரிய வளைவில் முழுக்க ஒடித்தால் போதும், அது மூட்டுக்குள் இறங்கி ஸ்டியரிங் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

அந்த ஸ்பேனரை எடுத்தபோது நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பேட்டரி மாற்றிய பத்து-பதினொன்று மில்லிமீட்டர் ஸ்பேனர், நான் மறந்து வைத்தது, என் மகளையும் பெண்டாட்டியையும் நானே கொல்லப் பார்த்தேன், அவ்வளவுதான் மனதில் ஓடியது. ஆயிலும் கிரீஸுமாக இருந்ததை ஒரு பழைய துணியில் சுற்றிக் கதவுப் பையில் போட்டேன். முதல் கியரில், ஹாரன் அடித்துக்கொண்டே மலை இறங்கினேன். வீட்டுக்கு வந்து கவிதாவிடம் ஸ்பேனர் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவள் திட்டியதை எல்லாம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போய் டூல் பெட்டியைத் திறந்தேன், அதை அதன் இடத்தில் வைக்கலாம் என்று. என் பத்து-பதினொன்று அங்கேயே இருந்தது. மற்ற எல்லாமும் இருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எண்ணினேன், திரும்பத் திரும்ப எண்ணினேன், ஒன்றுகூடக் குறையவில்லை. அப்புறம்தான் துணியைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். அது இஞ்ச் ஸ்பேனர். என் பெட்டியில் எல்லாம் மில்லிமீட்டர் அளவு, இஞ்ச் ஸ்பேனரே கிடையாது, என் வண்டியில் அது சேருகிற நட்டும் கிடையாது. கைப்பிடியில், அந்த டோக்கனில் இருந்த அதே அச்சில், ஏழு என்று அடித்திருந்தது.

காட்சியகத்து நம்பரைத் தேடி தேவகிக்குப் போன் செய்து, நான் யார் என்று சொன்னேன். அவரே முந்திக்கொண்டார். "ஏனுங்ணா, அந்த ஏழாம் நம்பர் டோக்கனை எடுத்துட்டுப் போயிட்டீங்களா? காணோமுங்க."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன், தனியாக. தேவகி பலகை வரைக்கும் கூட வந்தார். ஸ்பேனரை அந்தச் சிவப்பு வடிவத்தின் மேல் வைத்தேன், நூல் அளவு பிசகாமல் உட்கார்ந்தது. தேவகி சால்வையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். பலகை முழுசாகிவிட்டது. டோக்கன் மட்டும் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் மலை இறங்கினேன்.

அந்த ஸ்பேனர் என் வண்டிக்குள் எப்படி வந்தது, நீங்களே சொல்லுங்கள். நான் மறந்து வைத்ததை எடுத்து என் பெட்டியில் சேர்த்துவிட்டு, அந்த இடத்தில் தன்னுடையதை வைத்துச் சுட்டிக்காட்டிக் காப்பாற்றினாரா, இல்லை என் வாய்த் திமிருக்காக அங்கே வைத்ததே அவர்தானா? யோசித்து யோசித்து எனக்குத் தலை வெடிக்கிறது.

வந்த வாரமே பட்டறையில் ஒரு பலகை அடித்தேன். சிவப்புப் பெயின்ட், கொக்கி, எல்லாம் அதே மாதிரி. எனக்கும் என்னிடம் இருக்கிற இரண்டு ஃபிட்டர்களுக்குமாக மூன்று டோக்கன் நானே லேத்தில் கடைந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. தினமும் சாயங்காலம் எண்ணிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன். ஃபிட்டர்கள் இருவரும் என்னைவிட மூத்தவர்கள், முதலாளிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகத்தான் போனது. போன மாசி மாதம் ஒரு காலை ஷட்டரைத் தூக்கினேன், பலகையில் ஒரு இடம் சிவப்பாகத் தெரிந்தது. முந்தின நாள் நான் எண்ணி வைத்துவிட்டுப் போன பத்து-பதினொன்று ஸ்பேனரைக் காணோம். பக்கத்துக் கொக்கியில் ஒரு டோக்கன் தொங்கியது. கறுத்துப்போன பழைய பித்தளை. ஏழாம் நம்பர்.

அதை நான் இன்றுவரை தொடவில்லை, யாரையும் தொட விடவும் இல்லை. ஃபிட்டர்கள் இப்போது சிரிப்பதில்லை. அந்த ஸ்பேனர் இன்னும் திரும்பி வரவில்லை, எங்கே கிடக்கிறது என்றும் தெரியவில்லை. தினமும் காலையில் தர்ஷினி பையைத் தூக்கிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பாள், நான் பானெட்டைத் திறந்து ஒவ்வொரு இண்டு இடுக்காக டார்ச் அடித்துப் பார்த்து முடிக்கிறவரைக்கும் அவள் கதவைத் தொடக்கூடாது. இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். இன்றைக்கு அங்கே இல்லை.